ரொட்டி என் பொறுப்பு

என் வீட்டுக்காரர் ஹொர்மோஸ் ஷிராஸ்காரர். இந்த ஒரு வரியைச் சொன்னாலே மற்ற ஊர்க்காரர்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஷிராஸ்காரனைக் காலையில் எழுப்ப வேண்டுமென்றால் முந்தின வாரமே சொல்லிவைக்க வேண்டும் என்று எங்கள் யஸ்த் ஊரில் கேலி பேசுவோம். நான் யஸ்தில் பிறந்தவள். அது பாலைவனத்து ஊர். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்காவிட்டால் அன்றைக்கு வேலையே கிடையாது. அங்கிருந்து இந்தத் தூங்குமூஞ்சி ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வந்த புதிதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடலாமா என்று பலமுறை நினைத்ததுண்டு. போகாததற்குக் காரணம் இந்த மனிதர்தான். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இடையிடையே கிண்டலும் செய்வேன். இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த உரிமை உண்டு.

ஹொர்மோஸ் பஸ் ஓட்டினார். ஷிராஸிலிருந்து பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்குப் போகும் ராத்திரி பஸ். பொழுது சாய்ந்ததும் கிளம்புவார். மறுநாள் ராத்திரி அங்கிருந்து புறப்பட்டு, நான் முற்றம் கழுவும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார். கையில் ஒரு பை மீன் இருக்கும், சில நாள் பச்சை எலுமிச்சை இருக்கும். பொழுது விடிந்தது என்று நான் சொல்வேன். படுக்கை போட்டாச்சா என்று அவர் கேட்பார். ஜன்னலில் கறுப்புக் கம்பளி ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார். எங்கள் மகள் மஹ்னூஷ் பள்ளிக்கூடம் போகும்வரை, அப்பா என்றால் போர்வைக்குள் இருக்கும் ஒரு மேடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். காலைச் சூரியனை அவர் பஸ் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார், அதுவும் கண் கூசுகிறதே என்ற எரிச்சலோடு.

ஆனால் வாக்கு என்று ஒன்று கொடுத்துவிட்டால் போதும், மனிதர் மாற மாட்டார். ஒருமுறை வழியில் டீக்கடையில் பஸ்ஸை நிறுத்தியபோது ஒரு கிழவர் கழிப்பறைக்குப் போய் வரத் தாமதமாகி, பஸ் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. வெகுதூரம் போனபிறகுதான் இருக்கை காலியாக இருப்பது தெரிந்தது. பயணிகள் எல்லோரும் கத்த, இவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் அவரை ஏற்றிக்கொண்டு வந்தாராம். 'பந்தர்ல கொண்டுபோய் விடறேன்னு டிக்கெட் கொடுத்திருக்கோமே' என்பதுதான் அவர் சொன்ன நியாயம். அன்றைக்கு மீன் வரவில்லை, மேலாளரிடம் வாங்கிய திட்டுதான் வந்தது. எனக்கு அந்தத் திட்டு மீனைவிட ருசியாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகாவது மனிதர் பகலில் விழித்து ராத்திரி தூங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ராத்திரியும் தூங்கினார், காலையும் தூங்கினார். இத்தனை காலம் விட்ட தூக்கத்தையெல்லாம் அரசாங்கம் தனக்குத் திருப்பித் தரவேண்டும் என்பதுபோலப் படுத்துக் கிடப்பார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து, தேநீர் எங்கே என்று கேட்பார்.

இப்படி இருக்கையில்தான் கோடைக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தானாக நழுவி விழுந்தது. விழுந்த கோப்பையை அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சு கொஞ்சம் குழறியது, அது சீக்கிரமே சரியாகிவிட்டது. சரியாகாதது இடது பக்கம். இடது கையும் காலும் அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். கையைத் தூக்கினால் கொஞ்சம் எழும்பும், காலை இழுத்தால் கொஞ்சம் நகரும். தொட்டால் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது. வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்பதும் தெரியாது.

பயிற்சி சொல்லிக்கொடுக்க நெகார் என்று ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, ஆனால் ஒளித்துப் பேசத் தெரியாதவள். என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய்ச் சொன்னாள். முதல் ஆறேழு மாதத்தில் கால் எவ்வளவு கற்றுக்கொள்கிறதோ அவ்வளவுதான், அதற்குப் பிறகு வருவது கஷ்டம். அதனால் தினமும் நடக்க வேண்டும். அதுவும் காலையில் நடக்க வேண்டும், உடம்பு அசந்துபோன பிறகு நடந்தால் விழுந்துவிடுவார். காலையில் எழுப்பிவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். உலகத்தில் என்னால் முடியாத ஒரே காரியத்தை அந்தப் பெண் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

நானும் தலைகீழாக நின்று பார்த்தேன். கடிகாரத்தில் மணி வைத்தேன், அதைத் தலையணைக்கு அடியில் திணித்துக்கொண்டு தூங்கினார். பந்தர் அப்பாஸில் கட்டிக்கொடுத்த மஹ்னூஷ் விடியற்காலையில் போன் செய்து அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு மறுபடி போர்வைக்குள் போனார். கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: "சனிக்கிழமையிலேர்ந்து."

எங்கள் வாரம் சனிக்கிழமை தொடங்குகிறது. புகைப்பழக்கத்தை விடுகிறவன், இனிப்பை விடுகிறவன், தேகப்பயிற்சி செய்யப் போகிறவன், எல்லோருக்கும் அந்தச் சனிக்கிழமைதான் நாள். சனிக்கிழமைகள் வந்தன, போயின. கறுப்புக் கம்பளி ஜன்னலில் தொங்கிக்கொண்டே இருந்தது. ராத்திரி அவர் தூங்கிய பிறகு அந்த இடது பாதத்தை அழுத்திப் பார்ப்பேன். நாற்காலிக் காலை அழுத்தினால் எப்படியோ அப்படித்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சஃப்தர் அவரைப் பார்க்க வந்தார். சஃப்தர் அதே பஸ்ஸில் அவருக்குத் துணை டிரைவராக இருந்தவர். ஒல்லியான ஆள், வாய் ஓயாது. காலையில் பூங்காவில் கூடிப் பயிற்சி செய்யும் ஒரு கூட்டத்துக்கு இப்போது அவர்தான் தலைவர். கழுத்தில் ஒரு விசில் தொங்கும், வீட்டுக்கு வரும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை. கூட்டத்தில் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு, நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் அன்னாசிப்பழ டின்களோடு வந்து உட்கார்ந்தார். நான் தேநீரும் வெள்ளரிக்காயும் ஆரஞ்சும் வைத்தேன். பழைய கதைகளெல்லாம் பேசினார்கள். ஹொர்மோஸ் அன்றைக்கு நன்றாகச் சிரித்தார்.

கிளம்பும்போது சஃப்தர் பூங்காவுக்குக் கூப்பிட்டார். காலையில் வா, எங்களோடு நில், பயிற்சி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுகிறோம், நீ சும்மா வந்தால் போதும் என்றார். வர மாட்டேன் என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது? வருகிறேன் என்று சொன்னாலும் அது பொய். இந்த இக்கட்டிலிருந்து தப்பிக்க எங்கள் ஊரில் ஒரு ராஜபாட்டை இருக்கிறது. கேட்டதைவிடப் பெரிதாக ஒன்றைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். எதிராளி ஐயோ வேண்டாம் என்பார், நாம் வற்புறுத்துவோம், அவர் இன்னும் பலமாக வேண்டாம் என்பார். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே எதுவும் கொடுக்காமல், எதுவும் வாங்காமல் பிரிவார்கள். வாய் உபசாரம். பிறந்த குழந்தை முதல் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம் இது. என் வீட்டுக்காரரும் நெஞ்சில் வலது கையை வைத்துக்கொண்டு, ஷிராஸ்காரர்கள் சகோதரனைக் கூப்பிடும் 'காக்கோ'வும் போட்டு ஆட ஆரம்பித்தார்.

"வெறுங்கையோட வந்து உங்க சாப்பாட்டுல கை வைக்க எனக்கு வெக்கமா இருக்காதா, காக்கோ? நாளையிலேர்ந்து உங்க எல்லாருக்கும் ரொட்டி என் பொறுப்பு. நானே கொண்டு வரேன்."

ஐயோ, அதெல்லாம் எதற்கு, நீ படுத்து ஓய்வெடு என்று சஃப்தர் சொல்லியிருக்க வேண்டும். கூட வந்த மூன்று பேரும் அப்படிச் சொல்ல வாயைத் திறந்துகூட விட்டார்கள். சஃப்தர் அவர்களைப் பார்க்கவே இல்லை. தன் நெஞ்சிலும் கையை வைத்துக்கொண்டார்.

"என் கண்ணு மேல, காக்கோ. நாங்க பதினெட்டு பேரு. சங்கக் ரொட்டியா இருக்கட்டும், மேல எள்ளு தூவினது. ஆறிப்போகாம கொண்டு வந்துடு."

ஹொர்மோஸ் முகத்தில் ஈயாடவில்லை. மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனவர் மாதிரி என்னைப் பார்த்தார். நான் வெள்ளரிக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டேன். அங்கே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு எப்படியோ அழுகையாகிவிட்டது. பல வாரங்களாக என் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ கொஞ்சம் நகர்த்திப் பார்த்ததுபோல இருந்தது.

அவர்கள் போனதும் சஃப்தரைக் கரித்துக் கொட்டினார். மனுஷனா அவன், மரியாதை தெரியாதவன், ஒப்புக்குச் சொன்னதை இப்படிப் பிடித்துக்கொள்கிறவனை இந்த ஊர் கண்டதுண்டா என்று விளக்கேற்றும் நேரம்வரை புலம்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். நீ போய் வாங்கிக் கொடுத்துவிடு என்றார். உடம்பு சரியில்லை என்று நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள், நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லையே என்றேன். வாக்கு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொன்னேன். மனிதர் போனை எடுத்தார், மடியில் வைத்துக்கொண்டார், திரும்ப அதன் இடத்தில் வைத்தார். இவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், சரி நானே போகிறேன் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான்.

மறுநாள் நான் தொழுகைக்கு எழுந்தபோது ஹொர்மோஸ் உடையணிந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். வலது கையில் தடியை ஊன்றிக்கொண்டு வாசலைத் தாண்டினார். நான் சாதர் துணியை இழுத்து உடம்பெல்லாம் போர்த்திக்கொண்டு, அவர் பார்வைக்குப் படாமல் பின்னாலேயே போனேன். இன்னும் இருட்டு விலகவில்லை. தெருவில் நாரத்தை மரங்களுக்கு அடியில் பூனைகள் மட்டும்தான் இருந்தன. அவருடைய இடது செருப்பு தரையில் தேயும் சத்தம் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது.

எங்கள் பேட்டை ரொட்டிக் கடையில் இரண்டு வரிசை உண்டு. ஒரு ரொட்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று, பல ரொட்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. இரண்டாவது வரிசை நகரவே நகராது. அவர் அதில்தான் நிற்க வேண்டும். தடியோடு ஒருவர் நிற்பதைப் பார்த்து முன்னால் நின்றவர்கள் எல்லாம் வழிவிட்டார்கள். நீங்கள் முதலில் வாங்குங்கள் என்றார்கள். இல்லை இல்லை, உங்களுக்குப் பிறகுதான் என்றார் இவர். அவர்கள் வற்புறுத்த, இவர் மறுக்க, உபசாரத்திலேயே நேரம் போனது. முந்தின நாள் பட்டும் புத்தி வரவில்லை. ஆனால் அந்த உபசாரத்தால்தான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக அவ்வளவு நேரம் தன் காலில் நின்றார்.

சங்கக் ரொட்டியைச் சூடான கூழாங்கற்கள் மேல்தான் சுடுவார்கள். கைநீளத்துக்கு இருக்கும், அடியில் சில கற்கள் ஒட்டிக்கொண்டே வரும். அவற்றைத் தட்டிவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். வலது கையில் தடி இருந்ததால், கடைக்காரர் ரொட்டிகளை அவருடைய இடது கையின்மேல் துணி போடுவதுபோல மடித்துப் போட்டார். அந்தக் கையை வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டு பூங்காவுக்கு நடந்தார். நான்கைந்து இடத்தில் நின்றார். ஓரிடத்தில் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் ஓட நினைத்து ஓடாமல் நின்றேன்.

பூங்காவில் அந்தப் பதினெட்டுப் பேரும் வட்டமாக நின்று கைகளை வீசிக்கொண்டிருந்தார்கள். ஹொர்மோஸ் வருவதைப் பார்த்தும் ஒருவர்கூடத் தாங்கிப் பிடிக்க வரவில்லை. சஃப்தர் தடுத்துவைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து ஆற அமர மென்றார் சஃப்தர். "ஓரம் கொஞ்சம் கருகிடுச்சே. நாளைக்கு நல்லாப் பாத்து வாங்கு."

நாளைக்கு! வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கருகல் பேச்சுதான் அவர் வாயில். கருகிவிட்டதாம், ரொட்டியைப் பற்றி எனக்கு அவன் சொல்லித் தருகிறானா, நாளைக்குக் கொண்டுபோகிறேன் பார் ஒரு ரொட்டி, அவன் வாய் திறக்கட்டும் பார்க்கலாம் என்று பொரிந்தார். நெகார் பாவம், கால் கை நரம்பு என்று எதையெதையோ சொல்லிப் பார்த்தாள். இந்த மனிதரைக் கட்டிலிலிருந்து கிளப்ப ரோஷம் போதுமாயிருந்தது.

ஆனால் அன்று மத்தியானம் குளிக்க உதவி செய்யும்போது சட்டைக் கையை மடித்துவிட்டேன், எனக்கு உயிரே போய்விட்டது. இடது முழங்கைக்குக் கீழே ஒரு கொப்புளம். ரொட்டி மடிப்பில் ஒரு கூழாங்கல் தங்கியிருந்திருக்கிறது. கடையிலிருந்து பூங்காவரைக்கும் அது அவரைச் சுட்டுக்கொண்டே வந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. நான் காட்டியபோது, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு ரொட்டியும் வேண்டாம், பூங்காவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

சஃப்தருக்குப் போன் செய்து வாய்க்கு வந்தபடி பேசினேன். நோயாளி ஒப்புக்குச் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவரை வதைக்கிறீர்களே, நீங்கள் ஒரு நண்பரா என்று கேட்டேன். கொப்புளத்தைப் பற்றியும் சொன்னேன். மருந்து போட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் சஃப்தர் மற்றதைப் பேசினார்.

"அவன் ஒப்புக்குச் சொன்னான்னு எனக்குத் தெரியாதா, அண்ணி? பஸ்ல என் வேலை என்னன்னு நினைக்கிறீங்க? பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே வர்றதுதான். அவன் கண்ணு செருகுதுன்னு தெரிஞ்சா பேசுவேன், வம்பு இழுப்பேன், அவங்க அப்பனையே திட்டுவேன். கோபம் வந்தா தூங்க மாட்டான். எத்தனை வருஷம் அப்படி முழிக்க வெச்சிருக்கேன். இப்ப மட்டும் தூங்க விட்டுடுவேனா?"

நான் போனை வைத்துவிட்டேன். அத்தனை வருஷமாக ஹொர்மோஸ் ஒவ்வொரு முறையும் உயிரோடு வீட்டு வாசலில் வந்து நின்றதற்கு அவருடைய சாமர்த்தியம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அன்று சாயங்காலம் கெட்டித் துண்டு ஒன்றை இரண்டாக மடித்து ஒரு கையுறைபோலத் தைத்தேன். மறுநாள் காலை அதை அவர் இடது கையில் மாட்டிவிட்டு, கல்லைத் தட்டிவிட்டு வாங்குங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அப்படியே இலையுதிர்காலம் போயிற்று, குளிர்காலம் வந்தது. சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் போனார். காலையில் எழுவது அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் முனகிக்கொண்டேதான் எழுந்தார். குளிரைத் திட்டினார், சஃப்தரைத் திட்டினார், ரொட்டி என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். மழை நாளில் ஒருமுறை வழுக்கி விழுந்து, ரொட்டிகள் சேற்றில் போய்விட்டன. ரொட்டிக் கடைப் பையனை அனுப்பச் சொல்லலாமே என்று யாரோ சொன்னதற்குக் காதுகொடுக்காமல், சேற்றோடு சேற்றாகக் கடைக்குத் திரும்பிப் போய் மறுபடி வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார். முதலில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து வலது கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவர், பிறகு வட்டத்தின் ஓரத்தில் நின்றார், பிறகு வட்டத்துக்குள் நின்றார். இடது செருப்பு தேயும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. சஃப்தர் தினமும் ஏதாவது ஒரு குறை சொன்னார். எள் போதாது என்பார், ஆறிவிட்டது என்பார், நேற்றைய ரொட்டி இதைவிட மேல் என்பார். பெரிய குறை சொன்ன அன்றெல்லாம் என் வீட்டுக்காரர் கொஞ்சம் வேகமாக நடந்தே வீட்டுக்கு வருவார்.

நெகாருக்குச் சந்தோஷம். கால் பலம் வந்துவிட்டது, கையும் வேலை செய்கிறது என்றாள். ஆனால் உணர்ச்சி விஷயத்தில் ஆசை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னாள். சில பேருக்கு வரும், பல பேருக்கு வருவதில்லை. கண்ணால் பார்த்துக் காலை வைக்கப் பழகிவிட்டார், அதுவே பெரிய காரியம், நடப்பதை மட்டும் நிறுத்திவிடக் கூடாது என்றாள். நிறுத்தினால் வந்ததும் போய்விடும். நான் தலையாட்டினேன். நடக்கும் வரை நடக்கட்டும், வேறென்ன கேட்பது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வசந்தத்தோடு பிறக்கும் எங்கள் புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்கும். வீடெல்லாம் கழுவிக் கம்பளங்களை வெயிலில் போட்டிருந்தேன். சஃப்தர் வந்தார். இந்த முறை நல்ல சட்டை போட்டிருந்தார். தேநீர் குடித்துவிட்டு, சபையில் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தார். குளிர்காலம் முழுக்கப் பதினெட்டுப் பேருக்கு ரொட்டி கொடுத்துவிட்டாய், எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, இனி முறைவைத்து ஆளுக்கு ஒரு நாள் கொண்டுவருகிறோம், உன்னை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம், நீ நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். சொல்லிவிட்டு மீசைக்கு அடியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். ஹொர்மோஸ் சத்தியமாக மாட்டேன் என்பார், அதெப்படி, ரொட்டி என் பொறுப்பாயிற்றே என்பார் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஹொர்மோஸ் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "என் கண்ணு மேல, காக்கோ. நீ சொன்னா மறுப்பேனா?"

சஃப்தரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது. என் வீட்டுக்காரர் அத்தனை மாதமாக இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சஃப்தர் போன பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு உள்ளுக்குள் சில்லிட்டுவிட்டது. பழிக்குப் பழி வாங்கியாகிவிட்டது. இனி இந்த மனிதரை எது கிளப்பும்? கட்டிவைத்திருந்த ஒரே கயிற்றையும் சஃப்தர் தன் கையாலேயே அறுத்துவிட்டாரே என்று நினைத்தேன். அன்று ஹொர்மோஸ் கடிகாரத்தில் மணி வைக்கவில்லை. ஜன்னல் கம்பளியின் ஓரத்தை ஒழுங்காக இழுத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் அவர் குரல்தான் என்னை எழுப்பியது. இன்னும் விடியவில்லை.

"தூபா, தூபா. கால் ஜில்லுன்னு இருக்கு."

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள், நடுராத்திரியில் இதற்கா எழுப்புவது என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். படுத்தவள் அப்படியே எழுந்து உட்கார்ந்தேன். எந்தக் கால் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது இடது கால்தான். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் கை சுடுது" என்றார். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். கடவுளே, உனக்குக் கோடி நன்றி என்று மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், அவர் பிறகு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அழுகை ஓய்ந்ததும் சட்டையை எடு என்றார். எங்கே என்று கேட்டேன். சஃப்தரிடம் சொல்ல வேண்டும் என்றார். போனில் சொன்னால் போதாதா என்று கேட்க வாயெடுத்து, மடைச்சி, வாயை மூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நான் ஒளிந்து போகவில்லை. கூடவே போனேன். தடியை எடுத்துக்கொண்டார், ஆனால் அவசரத்தில் அதைப் பாதி நேரம் ஊன்ற மறந்துவிட்டார். ரொட்டிக் கடையைத் தாண்டும்போது வரிசையில் நின்றவர்கள் கூப்பிட்டார்கள். இன்றைக்கு இல்லை என்று கையசைத்துவிட்டு நடந்தார்.

வட்டத்தில் நின்றவர்கள் அவர் வெறுங்கையோடு வருவதைப் பார்த்துக் கைவீசுவதை நிறுத்தினார்கள். சஃப்தர் வாயிலிருந்த விசில் கீழே விழுந்து கழுத்தில் தொங்கியது. ஹொர்மோஸ் நேராகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். இடது காலணியைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், பனி நனைந்த புல்லின்மேல் பாதத்தை வைத்தார். வைத்த வேகத்தில் வெடுக்கென்று தூக்கினார். குளிர் தாங்கவில்லை.

அங்கிருந்தவர்களில் சஃப்தருக்குத்தான் முதலில் புரிந்தது. ஓடிவந்து அவர் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தார். அந்தப் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நம்பாதவர்போல உள்ளங்காலில் ஒரு விரலால் மெல்லக் கோடு இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். கண்ணீர் மூக்கின் ஓரமாக வழிவதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"விடுடா," என்று காலை உதறினார் என் ஹொர்மோஸ். "கூசுது."